நிருபருக்குப் பட்டாளத்துச் சட்டை மாட்டாதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், ராத்திரி பகலாகச் செய்தி மேசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பகுதி நேர நிருபர் எழுதும் மடல். வணக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் யார் இதைச் சொல்ல என்று கேட்பீர்கள். நான் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். சிக்னல் பிரிவு. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகு மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். உடுப்பும் போட்டிருக்கிறேன், மைக்கும் பிடித்திருக்கிறேன். ஒன்றை இன்னொன்றாகக் காட்டும் பழக்கம் உங்கள் திரையில் வளர்ந்துகொண்டே வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். 7-ஆம் தேதி அதிகாலை தொடங்கி 10-ஆம் தேதி மாலை நின்றது. நடந்த இடம் வடமேற்கு எல்லை. பாம்பனில் வழக்கம்போலக் காற்றுதான் அடித்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு தம்பி மைக்கோடு நின்றார். எந்தச் சேனல் என்பது இங்கே வேண்டாம். 'கடலோரத்தில் போர்ப் பதற்றம்' என்று ஒரு லைவ் வேண்டும், சாதாரணச் சட்டையில் நின்றால் எடுபடாது, ஏதாவது ஏற்பாடு பண்ணு என்று மேசையிலிருந்து போன் வந்திருக்கிறது. அவரும் ராமேஸ்வரம் கடைத்தெருவில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் ஒரு ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மே மாத வெயிலில் கழுத்தெல்லாம் வேர்வை. வேனை நிறுத்திக் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் கேமராவில் விழுந்துவிடக் கூடாதே என்று, ஒளிப்பதிவாளர் அவரைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

கீழே வரிசையாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகளைக் காட்டி, போர் அச்சத்தால் மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை என்று தம்பி சொன்னார். கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருடா வருடம் வருகிறது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான் நடக்கும். தடைக்குள் வராத நாட்டுப்படகுகள் அன்றும் போய் வந்துகொண்டுதான் இருந்தன. இது அந்தத் தம்பிக்குத் தெரியாதா? மீனவக் குடும்பத்துப் பையன் அவர். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, லீவு முடிஞ்சு வண்டி ஏறப் போறியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர், மேசை கேட்டதைக் கொடுத்தார். கேட்டது நீங்கள்.

அதே வாரம் டெல்லிப் பக்கத்துச் சேனல்களில் என்னென்ன ஓடியது என்று உங்களுக்கே தெரியும். 8-ஆம் தேதி ராத்திரி கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அடித்துவிட்டது என்றார்கள். இஸ்லாமாபாத் விழுந்துவிட்டது, அவர்களுடைய ராணுவத் தளபதி கைதாகிவிட்டார் என்றெல்லாம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. தமிழிலும் அதன் எதிரொலி கேட்டது. ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு வான்தாக்குதல் சைரனைப் பின்னணி இசையாகப் போட்டார்கள். நிஜமாகச் சைரன் ஒலிக்கும்போது ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று சொல்லி, சிவில் டிஃபென்ஸ் இயக்ககமே அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட வேண்டியிருந்தது. நான் பட்டாளத்தில் இருந்த காலத்தில் சைரனைக் கேட்டால் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம். அதை ரிங்டோன் மாதிரி ஒலிக்கவிட்டதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

சரி, சட்டை விஷயத்துக்கு வருகிறேன். சிப்பாய் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கொள்வது நம் நாட்டில் குற்றம். உங்கள் நிருபருக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாதாடலாம். அதைவிடப் பெரிய சங்கதி போர்ச் சட்டத்தில் இருக்கிறது. 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், படையில் சேராமல் படையோடு அனுமதி வாங்கிப் போகும் போர் நிருபரைப் பிடித்தால் போர்க்கைதியாக நடத்த வேண்டும் என்கிறது. 1977-இல் வந்த கூடுதல் நெறிமுறையின் 79-ஆம் பிரிவு, போர்க்களத்தில் வேலை பார்க்கும் பத்திரிகையாளர் ஒரு பொதுமகன், பொதுமக்களுக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்கிறது. அந்த நிலைக்குக் கேடு வரும் காரியம் எதையும் அவர் செய்யாத வரைக்கும். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. ஆனாலும் உலகம் முழுக்க நிருபர்கள் நீல நிற உடுப்பில் 'பிரஸ்' என்று பெரிதாக எழுதிக்கொண்டு போவது இந்தக் கணக்கில்தான். தூரத்தில் தொலைநோக்கியில் பார்க்கிறவன், இவன் சுடுகிறவன் இல்லை என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் புள்ளிச் சட்டை மாட்டும்போது அந்த ஒரு நொடியைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். பாம்பன் பாலத்தில் அது வெறும் கூத்து. நாளை அதே பழக்கத்தோடு ஒருவரை நிஜமான எல்லைக்கு அனுப்புவீர்கள்.

இந்தக் குழப்பம் பழையது. வின்ஸ்டன் சர்ச்சில் 1899-இல் ஒரு லண்டன் பத்திரிகைக்கு நிருபராகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே பிரிட்டனோடு சண்டை போட்ட போயர்கள் கவிழ்த்த கவச ரயிலில் அவரும் இருந்தார். பெட்டிகளை ஒதுக்கி இன்ஜினை மீட்க முன்னால் நின்று வேலை வாங்கினார். பிடிபட்டதும், நான் பத்திரிகைக்காரன், விடுங்கள் என்று மனுப் போட்டார். சண்டையில் கலந்துகொண்டுவிட்டு என்ன பத்திரிகைக்காரன் என்று போயர்கள் விடவில்லை. பிறகு தப்பி வந்து படையில் லெப்டினன்ட் ஆனார், நிருபர் வேலையையும் விடவில்லை. பணியில் இருக்கும் அதிகாரி பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது; அது வந்ததற்கே அவர் முன்பு எழுதியவைதான் காரணம். தளபதி கண்டும் காணாமல் விட்டார். பெரிய வீட்டுப் பிள்ளை, நடந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1944-இல் பிரான்சில் நிருபர் அட்டையோடு போய், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ளூர்ப் போராளிகளைச் சேர்த்துக்கொண்டு தலைவர் மாதிரி நடந்தார். கூட இருந்த நிருபர்களே புகார் செய்தார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஒரு நிருபர் துப்பாக்கி வைத்திருந்தால், அடுத்து பிடிபடும் நிருபர்கள் எல்லாரிடமும் துப்பாக்கி இருக்கும் என்று ஜெர்மன்காரன் எடுத்துக்கொள்வான். ராணுவ விசாரணையில் அவர் மறுத்துப் பேசித் தப்பிவிட்டார்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் கதை வேறு. உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குச் செய்திக் கட்டுரை எழுதப் போனவர், 1936 டிசம்பரில் அங்கே ஒரு மிலிஷியாவில், அதாவது தொண்டர் படையில், சேர்ந்துவிட்டார். அடுத்த மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. பிறகு எழுதியபோது, நான் இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டவன், என் பார்வை ஒரு பக்கத்துப் பார்வை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று வாசகனுக்குச் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். அவர் சண்டை போட்டதில் எனக்குப் புகார் இல்லை, ஏனென்றால் மறைக்கவில்லை.

உக்ரைனில் 2022-க்குப் பிறகு நிறையப் பத்திரிகையாளர்கள் படையில் சேர்ந்தார்கள். மாக்சிம் புட்கேவிச் என்பவர் மனித உரிமைக்காரர், வானொலிக்காரர், போர் வேண்டாம் என்று பேசியவர். படையெடுப்பு நடந்ததும் உடுப்பு மாட்டிக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் ரஷ்யர்களிடம் பிடிபட்டார். 13 ஆண்டு தண்டனை போட்டார்கள். 2024 அக்டோபரில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். வீட்டுக்கு எதிரில் எதிரியின் டாங்கி நிற்கும்போது நீ நடுநிலையாக இரு என்று யாரும் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. அவர் உடுப்பு போட்ட அன்றோடு அவர் சொல்வது ஒரு சிப்பாயின் வாக்குமூலம். அதற்கு மதிப்பு உண்டு, சில நேரம் எந்த நிருபரின் செய்தியையும் விட அதிகம் உண்டு. அதை 'நமது செய்தியாளர் தரும் தகவல்' என்று போட்டால்தான் தப்பு.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். அரிச்சல்முனையில் நின்றால் எதிரே இருப்பது தலைமன்னார். 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்த அகதிகள் இந்த மணலில்தான் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. நிருபருக்கும் போராளிக்கும் நடுவில் இருக்கும் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கடற்கரை பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறது.

2007 நவம்பர் 27. கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' வானொலி நிலையத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நிலைய ஊழியர்கள் உட்படப் பலர் செத்தார்கள். அது இயக்கத்தின் வானொலி, பரப்புரைக் கருவி என்றது கொழும்பு. மைக் முன்னால் உட்கார்ந்தவர்கள் ஆயுதம் ஏந்தாத ஊழியர்கள், ஊடகத்தின் மேல் குண்டு போடக் கூடாது என்றது யுனெஸ்கோ. கொழும்பு அதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டு வருடம் கழித்து இசைப்பிரியா. புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முகம். இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகம் அவரை ஒரு ராணுவப் பதவிப் பெயரோடு, சண்டையில் கொல்லப்பட்டவர்கள் பட்டியலில் போட்டது. அவர் உயிரோடு பிடிபட்டதைக் காட்டும் காணொளி 2013-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது. அவரைப் போராளி என்றே வைத்துக்கொண்டாலும், பிடிபட்டவரைக் கொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு ரேங்க்கை ஒட்டிவிட்டால் கேள்வி கேட்கிறவர்களின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது. காசாவில் 2025 ஆகஸ்டில் அல்ஜசீராவின் அனஸ் அல்-ஷரீஃபைக் கொன்றுவிட்டு, அவர் ஹமாஸ் குழுவொன்றின் தலைவர் என்றது இஸ்ரேல். அல்ஜசீராவும் பத்திரிகையாளர் அமைப்புகளும் மறுத்தன. வழி ஒன்றுதான், முதலில் அவன் நிருபரே இல்லை என்று சொல்லிவிடுவது.

சிவராமை உங்களில் மூத்தவர்கள் படித்திருப்பீர்கள். 'தராக்கி' என்ற பெயரில் எழுதியவர். இளவயதில் புளொட் என்ற போராளி இயக்கத்தில் இருந்தவர், பிறகு அதை விட்டுப் பேனா எடுத்தார். போரை உள்ளே இருந்து தெரிந்ததால்தான் அவருடைய ராணுவ அலசலை எதிரணிக்காரர்களும் படித்தார்கள். பழைய வாழ்க்கையை அவர் ஒளிக்கவில்லை. 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். லண்டன் பத்திரிகை ஒன்றின் போர் நிருபர் மேரி கால்வின் இன்னொருவர். 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து அரசுப் பகுதிக்குத் திரும்பும்போது, பத்திரிகையாளர் என்று கத்திய பிறகும் குண்டு வந்தது. இடது கண் போனது. ஒற்றைக் கண்ணோடு அடுத்த பத்து வருடமும் போர்க்களங்களுக்குப் போய், 2012-இல் சிரியாவின் ஹோம்ஸில் செத்தார். அவர் பட்டாளச் சட்டை போட்டு நின்று நான் பார்த்ததில்லை.

இனி பட்டாளத்துக்காரன் எழுதுவது பற்றி. இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை என்று எங்கே போனாலும் பட்டாளத்து வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடமான விலாசம் ஒன்று உண்டு: நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். ஆள் லடாக்கில் இருக்கிறானா, ராஜஸ்தான் மணலில் இருக்கிறானா என்று விலாசத்தில் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடே. கடிதத்திலும் எழுத மாட்டோம். 'நலம், நலமறிய அவா. இங்கே குளிர் கொஞ்சம் ஜாஸ்தி' என்று எழுதுவோம். அந்தக் குளிரை வைத்துத்தான் அம்மா இடத்தைக் கணக்குப் போடுவார். உடுப்பில் இருப்பவன் பத்திரிகையிடம் பேசுவதற்கு 1950-இன் ராணுவச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது. அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. காரணமும் நியாயமானதுதான்; எந்த மலையில் எத்தனை பேர் என்று நான் உளறினால் சாகப்போவது என் பக்கத்துப் பங்கரில் இருப்பவன்.

ஆகவே உடுப்பில் இருக்கும் ஒருவன் களத்திலிருந்து செய்தி கொடுக்கிறான் என்றால், சொல்ல அனுமதித்ததைச் சொல்கிறான் என்று அர்த்தம். பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்பதை அவன் முடிவு செய்வதில்லை, அவ்வளவுதான். 'சைனிக் சமாச்சார்' என்று ராணுவத்துக்கே ஒரு பத்திரிகை இருக்கிறது. 1909-இல் 'ஃபௌஜி அக்பார்' என்ற பெயரில் தொடங்கியது, தமிழிலும் வருகிறது. யூனிட்டில் அது வந்தால் நான் ஆசையாகப் படிப்பேன். அது யாருடைய பத்திரிகை என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும், அதனால் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் கேமராக்காரனையும் எழுத்தாளனையும் சிப்பாயாகவே சேர்த்துத் தனிக் கம்பெனிகள் வைத்திருந்தார்கள். அமெரிக்க மரைன் படையில் போர் நிருபர்கள் முதலில் துப்பாக்கிப் பயிற்சி முடித்துவிட்டுத்தான் டைப்ரைட்டரைத் தொட வேண்டும். ஸ்டாலின்கிராடில் செஞ்சேனையின் நாளிதழுக்கு எழுதிய கிராஸ்மேன், அச்சில் வந்ததை விட அதிகத்தைத் தன் குறிப்பேட்டில் வைத்திருந்தார். அது வெளியே வர எத்தனையோ வருடம் ஆனது. நமக்கும் இது புதிதில்லை. பரணி என்று ஒரு பாட்டு வகையே வைத்திருக்கிறோம், போரில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பாடுவது. யானையை எண்ணியது யார், எந்தப் பக்கத்து ஆள் என்று எந்தப் புலவரும் குறித்து வைக்கவில்லை. அது பாட்டு, போகட்டும். நீங்கள் போடுவது செய்தி.

வெளி ஆள் ஒருவர்கூட இல்லாத போர்க்களம் எப்படி இருக்கும் என்பதற்குக் கல்வான் ஓர் உதாரணம். 2020 ஜூன் 15 ராத்திரி லடாக் எல்லையில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்தவர்களில் ஒருவர் ஹவில்தார் பழனி. எங்கள் மாவட்டத்துக்காரர், திருவாடானை வட்டம் கடுக்கலூர். பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். மறுநாள் முதலில் வந்த அறிவிப்பில் ஒரு அதிகாரியும் இரண்டு வீரர்களும் என்று இருந்தது. ராத்திரிக்குள் அது 20 ஆனது. சீனாவோ தங்கள் பக்கம் 4 பேர் என்று ஒப்புக்கொள்ளவே 2021 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நிருபர்கூடக் கிடையாது. அதனால் இரண்டு ராணுவங்களும் எப்போது சொன்னனவோ அப்போதுதான், சொன்ன அளவுக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. கடுக்கலூருக்கு மட்டும் எல்லாச் சேனல் வண்டியும் வந்து நின்றது.

அதற்காகப் படையோடு போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2003-இல் இராக்குக்கு அமெரிக்கப் படை 600-க்கும் மேற்பட்ட நிருபர்களைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனது. அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்து, அவன் காவலில் தூங்கி எழுந்தால் அவனைப் பற்றிக் கடுமையாக எழுதக் கை வராது, மனித சுபாவம். ஆனாலும் போனால்தான் தெரியும் சங்கதிகள் இருந்தன. ஒழுங்கான பத்திரிகைகள், இந்தச் செய்தி ராணுவத்தோடு சென்று சேகரித்தது, இன்னின்ன கட்டுப்பாட்டின்படி எழுதியது என்று ஒரு வரி போட்டன. நான் உங்களிடம் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான்.

எங்கள் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் அட்டை பிடிபட்டது, பீடி இலை மூட்டை பிடிபட்டது, மண்டபத்துக்கிட்டே கடலில் போட்ட தங்கத்தை எடுத்தார்கள் என்று வாரம் ஒரு செய்தியாவது உங்களுக்கு வருகிறது. அதில் முக்கால்வாசி நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பிரஸ் நோட் வரும், வரிசையாக மூட்டைகளை அடுக்கி எடுத்த போட்டோ வரும், நாங்கள் பெயரைப் போட்டு அனுப்புவோம். சில நேரம் ரோந்துப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் காட்டும் பக்கம்தான் கேமரா திரும்பும். 'சாகர் கவாச்' பயிற்சி நடக்கும்போது போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் வந்து போலீஸிடம் பிடிபடுவார்கள். அதைக்கூடப் பயிற்சி என்ற சொல்லைக் கடைசி வரியில் போட்டு ஓட்டிய சேனல் உண்டு. ராமேஸ்வரத்தில் அன்றைக்கு எத்தனை வீட்டில் போன் அடித்தது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மீனவர்கள் கடலின் கண்ணும் காதும் என்று கடலோரக் காவல்படை மேடையில் சொல்வார்கள். மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்க்கவும் செய்கிறார்கள். சந்தேகமான படகைப் பார்த்தால் சொல்ல வேண்டியது குடிமகன் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போகிறவன் எல்லாம் உளவுக்காரன் என்று எதிர்ப்பக்கம் ஒருவன் முடிவு கட்டினால், நடுக்கடலில் அடி வாங்குவது வலை போடப் போனவன். நிருபருக்கும் இதே கதிதான். உங்கள் மேசையிலிருந்து, உச்சிப்புளியில் இருக்கும் கடற்படையின் பருந்து விமானத் தளத்தில் ஏதாவது ஏறுகிறதா, இறங்குகிறதா, ரோட்டில் நின்று எடுத்து அனுப்பு என்று எங்களுக்குப் போன் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 26-ஆம் தேதியே, படை நகர்வையும் நடவடிக்கையையும் நேரலை செய்யாதீர்கள் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சொல்லிவிட்டது. கார்கில், மும்பைத் தாக்குதல், காந்தகார் விமானக் கடத்தல் மூன்றையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தது. ஒரு பக்கம் எங்களுக்குச் சிப்பாய்ச் சட்டை மாட்டுகிறீர்கள், இன்னொரு பக்கம் சிப்பாய்க்கு ஆபத்து வரும் படத்தைக் கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் இருக்கும் நிருபருக்குச் சாதாரண உடை போதும். ஆபத்தான இடம் என்றால் தலைக்கவசமும் குண்டு துளைக்காத உடுப்பும் நீல நிறத்தில், 'பிரஸ்' என்ற எழுத்தோடு வாங்கிக் கொடுங்கள். கடைத்தெரு ஜாக்கெட் ஒரு கல்லைக்கூடத் தடுக்காது. செய்தி எங்கிருந்து வந்தது என்று திரையின் கீழே எழுதுங்கள். 'ராணுவம் வெளியிட்ட காணொளி', 'ரோந்துக் கப்பலில் அழைத்துச் சென்று காட்டியது', 'பயிற்சி' என்று இரண்டு மூன்று சொல் போதும். செய்தி முடியும் வரைக்கும் அது திரையில் இருக்கட்டும். விவாதத்தில் உட்காரும் ஓய்வு பெற்ற அதிகாரி எப்போது ஓய்வு பெற்றார், இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதையும் போடுங்கள். நானும் ஓய்வு பெற்றவன்தான். என் பெயருக்குப் பக்கத்தில் 'முன்னாள் ராணுவத்தினர்' என்று போட்டால் எனக்குப் பெருமைதான்.

அப்புறம், டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறது. 1949 முதல் இயங்குகிறது. வேறு வேலையில் இருந்துகொண்டே வருடத்தில் சில காலம் உடுப்பு மாட்டலாம். 2025 மே மாதச் சண்டையின்போது அதையும் அழைத்துக்கொள்ளத் தளபதிக்கு அரசு அதிகாரம் கொடுத்தது. உங்கள் நிருபர் ஒருவர் அதில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். நல்ல காரியம், நானே போய் வழியனுப்புவேன். அவர் பணிக்குப் போகும் அன்று உங்கள் மைக்கையும் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்த பிறகு கொடுங்கள். வந்து தன் அனுபவத்தை எழுதட்டும், பேசட்டும், எந்த வேலையில் இருந்தபோது பார்த்தது என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். திண்ணையில் உட்கார்ந்து பட்டாளத்துக்காரர்கள் சொல்லும் கதைகளில் பாதிகூட இதுவரை அச்சில் வரவில்லை. அதற்கு ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி போடுங்களேன், ஸ்டுடியோச் சைரனுக்கு ஆன செலவுதான் ஆகும்.

கடைசியாக அட்டை. இங்கே பல தம்பிகளிடம் உங்கள் லோகோ ஒட்டிய மைக் மட்டும்தான் இருக்கிறது. தனுஷ்கோடி சாலையில் நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. புயல் என்றாலும் அவர்கள்தான் அரிச்சல்முனையில் நிற்கிறார்கள், கடலில் படகு பிடிபட்டாலும் விடியற்காலையில் ஜெட்டிக்கு ஓடுகிறவர்கள் அவர்கள்தான். போட்டோ, ரத்த வகை, ஆபத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர், 'செய்தியாளர்' என்ற சொல், இவை உள்ள ஒரு அட்டை போட்டுக் கொடுங்கள். அந்தப் பாம்பன் பாலத்துத் தம்பியும் போன மாதம் என்னிடம் அதைத்தான் கேட்டார். என்னால் கொடுக்க முடியாது, உங்களால் முடியும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு பகுதி நேர நிருபர்,
முன்னாள் ராணுவத்தினர்